பேக்டரி இறக்கம்

அப்பா டீக் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"ஏழாவது என்னா?" என்றார்.

என் போனில் சயன்ஸ் சாரின் குரல் அப்போதுதான் பேசி முடித்திருந்தது. "பிள்ளை, நாங்கள் மட்டக்களப்புக்குப் போகப் பசறையில இருந்து வெளிக்கிட்டிட்டம். உம்மட ஏழாம் இலக்கத்தின்படி பார்த்தால் இண்டைக்கு லுணுகலையில இருந்து பிபிலை வரைக்கும் பெற்றோல் செலவே இல்லை." அவர் பேச்சுக்குப் பின்னால் மகளின் சிரிப்பும் கேட்டது. அந்தக் குரல் பதிவை அவர் அனுப்பி முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. லுணுகலைப் பக்கத் தோட்டத்தில், வரிசை வீடுகளாலான எங்கள் லயத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் சிக்னல். குடத்தோடு போனபோது வந்து விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவும் கேட்கட்டும் என்று பெருமையாகச் சத்தமாகப் போட்டிருந்தேன்.

"இறக்கத்துல நியூட்ரல்ல போட்டு விடுங்கன்னு சாருக்குச் சொன்னேன்ப்பா. நீங்க விடுவீங்களே, அந்த மாதிரி."

"நான் எங்க விடுறேன்?"

"பேக்டரி இறக்கத்துல."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். காலை நிறுவை முடிந்து முதல் லோட்டை ஏற்றி, போகிற வழியில் ஒரு வாய் டீ குடிக்க வீட்டுக்கு வந்திருந்தார். பேக்டரிக்குப் போகும் கடைசித் துண்டுப் பாதை நேர் இறக்கம். சின்ன வயதில் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் உட்கார்ந்து நானும் அதில் போயிருக்கிறேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். இன்ஜின் உறுமல் அடங்கிவிடும். காற்றுச் சத்தம் மட்டும்தான். லொறி பறக்கிறது என்றே நினைத்துக்கொள்வேன்.

"அடியில ஏத்தம் இருக்கு புள்ள," என்றார் அப்பா. "கேட்டுக்கு முன்னுக்கு. பிரேக்கத் தொடாமலே லொறி நிக்கும். அதுனாலதான் விடுறேன். பிபிலை ரோட்டுல எங்க இருக்கு ஏத்தம்? அம்புட்டுத் தூரமும் மிதிச்சுக்கிட்டே போனா, பிரேக்கு என்னா கல்லா?"

"அது ஓட்டோ கியர் கார்ப்பா."

"என்னா காரா இருந்தா என்னா? இன்ஜின் புடிச்சுக்கிட்டு வரணும். ஏறுற கியர்லதான் எறங்கணும். யாரக் கேட்டுச் சொன்ன நீ?"

யாரைக் கேட்டேன்? ஒருவரையும் கேட்கவில்லை. பதினைந்து வருடமாகப் பார்த்த ஒரு விஷயத்தை, அது எந்த இடத்தில் நடந்தது என்பதைக் கழற்றிவிட்டு, மலைநாட்டுக்கே உரிய அறிவு என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

தொட்டிப் பக்கம் ஓடினேன். முதல் தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் அப்படித்தான். ஓடும்போது போனைத் தொடவே கூடாது என்பது மூன்றாம் இலக்கம். அதுவும் நான் சொன்னதுதான். மூன்றாம் தடவை தொடர்பே கிடைக்கவில்லை. மலை மடிப்புக்குள் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இந்த இலக்கங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. பசறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சயன்ஸ் சார். வந்த மூன்றாம் மாதம் பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கினார். "எங்கட ஊரில மேடெண்டால் பாலம் மட்டும்தான் பிள்ளை. இஞ்ச எப்படி ஓடுறது?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார். கேட்டவரை நான் விடவில்லை. அண்ணன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபோது விட்டுப்போன கியர் சைக்கிளில் தோட்டப் பாதையெல்லாம் சுற்றுகிறவள் நான். வளைவும் இறக்கமும் என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் சொல்லச் சொல்ல அவர் சின்னக் கொப்பியில் இலக்கமிட்டு எழுதினார். ஏறி வருகிற வாகனத்துக்கு வழி விடணும். டிக்கியில் ஒரு மரக்கட்டை இருக்கணும். ஓடும்போது போனைத் தொடக்கூடாது. மகளுக்கு வாந்தி வராமல் இருக்க, மணந்து பார்க்கக் கையில் ஒரு தேசிக்காய். ஏழாவதாக இந்த நியூட்ரல்.

பதிலுக்கு அவரும் சொன்னார். லயத்தில் எங்கள் வீட்டு அறையான காம்பராவின் பின்சுவர் எப்போதும் ஈரம். மாரி தொடங்கினால் தலையணை வரைக்கும் பூஞ்சை. "எனமல் பெயின்ட் ரெண்டு கோட் அடியும். தண்ணி உள்ளுக்கை வராது," என்றார். அடித்தேன். இரண்டாம் மாதம் சுவர் அப்பளம் மாதிரிக் கொப்புளித்தது. அப்பா ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தி உடைத்து, "உங்க சார் சயன்ஸ் வாத்தியாரா, பெயின்ட் கடைக்காரரா?" என்று கேட்டார். ஆனால் சார் "சுவர் எப்படி?" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் நான், "நல்லா இருக்குங்க சார்," என்றே சொன்னேன். ஒருவர் ஆசையாகச் சொன்னது சரிவரவில்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

சைக்கிளை எடுத்தேன். எப்போதும் "பொம்பளப் புள்ளைக்கு இந்த ரோட்டுல என்னா சைக்கிளு" என்கிற அப்பா அன்று வாசல் படியில் நின்று, "பழைய டிவிசன் வழியா குறுக்கால எறங்கு. மெயின் ரோடு சுத்திக்கிட்டுத்தான் வரும், நீ முந்திருவ," என்றார். "நான் லோட்ட எறக்கிட்டு வர நேரம் புடிக்கும். இந்தா, காரு நின்னுக்கிட்டு இருந்தா வீலுக்குத் தண்ணி மட்டும் ஊத்த விட்டுறாத. சூட்டுல ஊத்துனா வெடிச்சிரும்."

பழைய டிவிசன் பாதை கருங்கல் பாவியது. காலையில் தூறல் விட்டிருந்தது. இரண்டாவது வளைவிலேயே பின் பிரேக்கின் லட்சணம் தெரிந்தது. கட்டை தேய்ந்து இரும்பு உரசும் சத்தம். புதுப் பிரேக் கட்டை வாங்கி ஒரு மாதம். பாக்கெட் பிரிக்காமல் ஜன்னலில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் பிரேக் கட்டையை மாற்றுங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் நான்தான். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் ஈரக் கல்லில் தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஒரு காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். செருப்பின் அடி சூடாவது தெரிந்தது.

தேயிலை மலைக்குள்ளிருந்து கொழுந்தெடுக்கிற ஒரு அக்கா, "எங்க புள்ள, பஸ்ஸ விட்டுட்டியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"மாமா, சிவப்புக் கார் ஒண்ணு போச்சா? சின்னக் கார்?"

"இப்பதான் நங்கி. அஞ்சு நிமிசம் இல்ல," என்றவர் மூக்கைச் சுளித்தார். "என்ன கார் அது? கருகின வாசனை வந்தது. கையக் காட்டினேன். அவர் சிரிச்சிட்டுப் போறார்."

ஐந்து நிமிடம். தொட்டிப் பக்கம் மூன்று தடவை டயல் செய்து நான் வீணாக்கிய அதே அளவு நேரம்.

அங்கிருந்துதான் உண்மையான இறக்கம். தார் ரோட்டில் சைக்கிள் தானாகவே வேகம் எடுத்தது. கையில் இருந்ததெல்லாம் அரைகுறை பிரேக். பிடிக்கவும் பயம், விடவும் பயம். இடது பக்கம் மண்மேடு, வலது பக்கம் மானாப் புல், அதற்கப்பால் வெறும் மூடுபனி. மூன்றாவது வளைவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி ஏறி வந்தது. ஏறி வருவதற்கு வழி விடணும். முதலாம் இலக்கம். நான் மண்மேட்டின் பக்கம் ஒதுங்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் முன் சில்லை இறக்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பஸ் கடந்துபோனதும் அந்த வாசனை எனக்கும் வந்தது. ரப்பர் கருகுவது மாதிரியும் இல்லை, கம்பி காய்வது மாதிரியும் இல்லை. நாக்கில் ஒட்டும் ஒரு கசப்பு.

ஒவ்வொரு வளைவைத் திரும்பும்போதும் பாதை ஓரத்தைத்தான் பார்த்தேன். புல் மடிந்திருக்கிறதா, கல் உருண்டிருக்கிறதா என்று. எதை எதிர்பார்த்துப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தபோது பார்வையை ரோட்டுக்கு நடுவில் திருப்பினேன். அந்த மகளுக்கு ஆறு வயது.

அடுத்த வளைவில், மதகுக்குப் பக்கத்தில், கார் நின்றது. இடது பக்கம் முழுக்க மண்மேட்டில் உரசியபடி, ஒரு கண்ணாடி மடங்கி நின்றது. முன் சில்லுகளிலிருந்து நீலப் புகை. கான் ஓரத்தில் மகள் குனிந்து வாந்தி எடுக்க, அவருடைய மனைவி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சார் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து சில்லுப் பக்கம் குந்தினார்.

"ஊத்தாதீங்க சார்," என்று கத்தினேன். நிறுத்தத் தெரியாமல் அவரையும் தாண்டிப் போய், காலை ஊன்றி, ஒரு வழியாக நின்றேன்.

"நீர் எங்க இஞ்ச?" என்றார். முகம் வெளுத்திருந்தது. "பிள்ளை சத்தி வருதெண்டு சொன்னவள். ஒரே அனுங்கல், அதால மெதுவாத்தான் வந்தனான். நிப்பாட்டுவம் எண்டு மிதிச்சால் பெடல் அடிமட்டும் போகுது. ஹான்ட் பிரேக்கை இழுத்து, மேட்டில உரசித்தான் நிண்டது."

காருக்கு இருபது முப்பது அடி முன்னால் அடுத்த வளைவு. அதற்குக் கட்டும் இல்லை, கம்பியும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம், பிறகு வேறு பக்கம் பார்த்தோம்.

மகளின் கையில் இன்னும் தேசிக்காய் இருந்தது. "மணந்துகொண்டுதான் வந்தவள். ஒண்டும் வேலை செய்யேல்லை," என்றார் அவர் மனைவி. நான் சொன்ன யோசனைகளில் பலிக்காமல் போன ஒன்றுதான் அந்தக் காரை நிறுத்தியிருந்தது.

சார் போனை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடினார். "போன கிழமைதான் பிரேக் பேட் புதுசாப் போட்டது. அந்த கராஜ்காரனை விடமாட்டன். பழசைத்தான் திருப்பிப் பூட்டியிருக்கிறான். எடுக்கட்டும் போனை."

"போன கிழமை ஏன் சார் மாத்துனீங்க?"

"பதுளையில இருந்து வரேக்கை இதே மணம் வந்தது."

"நியூட்ரல்ல வந்தீங்களா?"

"ஓம்."

அவர் விரல் போனில் கராஜ்காரரின் இலக்கத்தின் மேல் நின்றது. சும்மா நின்றிருந்தால் போதும். முகம் தெரியாத ஒரு மனிதர் ஏச்சு வாங்குவார், என் ஏழாம் இலக்கம் கொப்பியில் அப்படியே கிடக்கும். ஒரு கணம் அப்படித்தான் நின்றேன். இதை எழுதும்போது அந்த ஒரு கணத்தை மறைக்க மனசு வரவில்லை.

"கராஜ்காரர் மேல பிழை இல்ல சார். நான் சொன்னதுதான் பிழை. நியூட்ரல்ல விட்டா வண்டிய இன்ஜின் புடிக்காது. எல்லாப் பாரமும் பிரேக்குக்குத்தான். அப்பா இப்பதான் சொன்னாரு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சார் போனைக் கீழே இறக்கினார். அவர் மனைவி மகளின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை இருக்கிற காரில பெற்றோல் மிச்சம் பிடிச்சனீங்கள்," என்று முதலில் அவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், "தங்கச்சி, இனிமேல் எங்களுக்கு ஒண்டும் சொல்லாதையும்," என்றார்.

"சரிங்க," என்றேன்.

"மணம் வந்த அன்னைக்கே ஏன் என்கிட்ட சொல்லல சார்?" என்று கேட்கும் உரிமை எனக்கு இருந்ததா தெரியாது. கேட்டுவிட்டேன்.

அவர் சில்லையே பார்த்தபடி சொன்னார். "நீர் எவ்வளவு ஆசையாச் சொல்லித் தந்தனீர். அது சரிவரேல்லை எண்டு எப்படிச் சொல்லுறது?"

என் சுவரின் கொப்புளங்கள் கண்முன் வந்தன.

புகை அடங்க முக்கால் மணித்தியாலம் ஆனது. கீழே போக முடியாது. மேலே லுணுகலையில் கராஜ் இருக்கிறது. ஏற்றத்தில் போவதற்குப் பிரேக் பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் அதற்குக் காரைத் திருப்ப வேண்டும். ஒன்றரை வாகனம் போகிற அகலத்தில், இறக்கத்தில், கால் பிரேக் இல்லாமல், ஹான்ட் பிரேக்கையும் நம்ப முடியாமல்.

மேலே போவதுதான் வழி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்லக்கூடாது என்று சொல்லப்பட்டவள் நான். சார் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவிதான், "மேலதான் போகவேணும் போல," என்றார், யாரையும் பார்க்காமல்.

டிக்கியைத் திறந்தோம். மரக்கட்டை இருந்தது. இரண்டாம் இலக்கம். மகளை மதகுக் கட்டில் சைக்கிளோடு உட்கார வைத்து, "இத புடிச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா ஓடிரும்," என்று பொய் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வளைவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழிருந்து எதுவும் வரவில்லை. மேலிருந்து வந்தால் ஹோர்ன் கேட்கும் என்று நம்பினோம்.

சார் ஏறி உட்கார்ந்தார். அவருடைய கதவை மட்டும் திறந்தே வைக்கச் சொன்னார் மனைவி.

கார் முன்னால் ஓரடி நகரும். நான் முன் சில்லுக்குக் கட்டை வைப்பேன். கட்டையில் இடித்து நிற்கும். ரிவர்ஸ். மறுபடி ஓரடி. பின் சில்லுக்குக் கல் வேண்டும். நான் ஒருத்தி, சில்லு இரண்டு பக்கம். நிமிர்ந்து பார்த்தபோது, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி ஒரு கருங்கல்லோடு பின்னால் நின்றார் சாரின் மனைவி.

"எப்ப வைக்கிறது?" என்றார்.

"நான் கைய காட்டுறப்ப, அக்கா."

கார் குறுக்காக நின்ற அந்த ஒரு நிலைதான் பயங்கரம். முன் சில்லு மானாப் புல்லை மிதித்து நின்றது. அதற்கப்பால் மூடுபனி. சார் ரிவர்ஸ் போட்டார். கார் பின்னால் வருவதற்குப் பதில் கையளவு முன்னால் வழிந்தது. என் கட்டை ஈரத்தில் வழுக்கியது. விரலை எடுத்துவிட்டு இரண்டாம் தடவை குத்தாக அடித்துச் செருகினேன். இடித்தது. நின்றது. இன்ஜின் கத்தியது. கார் பின்னால் ஏறியது. "கல்லு" என்று நான் சொல்லும் முன்பே அவர் வைத்திருந்தார்.

மேல் நோக்கித் திரும்பியதும் சார் ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் மனைவி மகளைத் தூக்கி உள்ளே வைத்தார். என் விரல் நகத்தில் ரத்தம் இருந்ததைப் பார்த்தார். கைக்குட்டையைத் தந்தார். கார் ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டே நான் சைக்கிளைத் தள்ளி நடந்தேன். பாதி வழியில் அப்பா ஒரு ஓட்டோவில் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு சைக்கிளின் பின் பிரேக்கைப் பார்த்தார்.

"மேல போறதப் பாத்தேன்," என்றார். "புள்ள சன்னல்ல கைய ஆட்டிக்கிட்டுப் போகுது." சைக்கிளை அவரே தள்ளினார்.

மறுநாள் பின்னேரம் தொட்டிப் பக்கம் நின்றபோது சாரின் குரல் வந்தது. பிரேக் ஒயில் கொதித்துப்போனதாம். மாற்றிக்கொண்டு காலையில்தான் இறங்கினார்களாம். "கியரில L எண்டு ஒண்டு இருக்கல்லோ, அது இதுக்குத்தானாம். நான் இவ்வளவு நாளும் ஏத்தத்துக்கெண்டு நினைச்சன். மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்திட்டம். வழியில மூண்டு இடத்தில இறங்கிச் சில்லைக் கிட்டக் கை வைச்சுப் பார்த்தனான், பெரிய சூடில்லை. உம்மட சுவர் எப்படி?"

வழக்கமான பதில் வாயில் தயாராக இருந்தது. போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"சார், பெயின்ட் ரெண்டாம் மாசமே உரிஞ்சிருச்சு. கொப்புளம் கொப்புளமா வந்து, உள்ளுக்குத் தண்ணி நிக்குது. முந்தியவிட மோசம். நல்லா இருக்குன்னு நான் சொன்னது அத்தனையும் பொய்."

அனுப்பிவிட்டு, குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றேன். அவர் கேட்டுவிட்டதற்கான நீலக் கோடு விழுந்தது. பிறகு வந்தது சாரின் குரல் அல்ல, அவர் மனைவியின் குரல்.

"தங்கச்சி, இவரின்ர கதையைக் கேட்டு ஆர் உம்மைப் பூசச் சொன்னது? படம் எடுத்து அனுப்பும். சுவரை மட்டும் எடுக்காதையும். சுவருக்குப் பின்னால என்ன இருக்கெண்டும் எடும்."

சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருமே என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு லயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். மண்மேடு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நடுவில் இருந்த கான், எத்தனை மாரிக்காலத்துச் சருகோ, தண்ணீர் போக வழியில்லாமல் விளிம்புவரை மூடியிருந்தது. போனை உயர்த்தி, மேடும் கானும் சுவரும் ஒன்றாகத் தெரியும்வரை பின்னால் நகர்ந்தேன்.